பழைய லோடு வண்டியும் கடைக் கணக்கும்
வண்டியின் நோயைக் கடை வாசலிலேயே கண்டறிவது எப்படி?

சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு ஆறு நாள் இருக்கும்போது, விருதுநகரிலிருந்து சர்க்கரையும் துவரம்பருப்பும் எண்ணெய் டின்னும் ஏற்றிக்கொண்டு வந்த எங்கள் கடை வண்டி இரவு ஒன்பது மணிக்கு நடுவழியில் நின்றுவிட்டது. வண்டிக்கு வயது 11. ஓடிய தூரம் 2,40,000 கிலோமீட்டர். சூடு காட்டும் முள் மேலே ஏறியதை டிரைவர் பார்த்திருக்கிறார். அடுத்த டீக்கடை வரை போய்விடலாம் என்று இன்னும் மூன்று கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறார். அந்த மூன்று கிலோமீட்டரில் என்ஜின் ஹெட் வளைந்துவிட்டது.

வாடகை வண்டி பிடித்துச் சரக்கை மாற்றிக் கொண்டுவர மறுநாள் மதியம் ஆயிற்று. பண்டிகைச் சாமான் பட்டியலோடு வந்த வாடிக்கையாளர்கள், சர்க்கரை இல்லை என்றதும் முழுப் பட்டியலையும் அடுத்த கடையில் கொடுத்துவிட்டார்கள். ஹெட் வேலைக்கு 38,000 ரூபாய். வாடகை தனி. போன வியாபாரம் எந்தப் பேரேட்டிலும் ஏறாத நஷ்டம்.

காரணத்தைத் தேடியபோது கிடைத்தது ஒரு ரப்பர் ஓஸ் பைப். ரேடியேட்டரின் அடிக் குழாயில் மயிரிழை வெடிப்பு. அதன் விலை 400 ரூபாய். “மூன்று வாரமாகத் தினம் காலையில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதானே இருந்தேன், அண்ணாச்சி” என்றார் டிரைவர். அவரும் என்னிடம் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. கல்லாவில் தினம் பத்து ரூபாய் குறைந்திருந்தால் நான் மூன்று நாள் தூங்கியிருப்பேனா? வண்டியில் தினம் ஒரு செம்புத் தண்ணீர் குறைந்ததை மூன்று வாரம் விட்டுவிட்டேன்.

அன்று முதல் நான் கற்றுக்கொண்டதை நம் வணிக அன்பர்களுக்குச் சொல்லவே இந்தக் கட்டுரை. பழைய வண்டி திடீரென்று கெடுவது அபூர்வம். பெரும்பாலும் அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. கணக்குப் பார்க்கத் தெரிந்த எந்த வியாபாரியும் அதைப் புரிந்துகொள்ளலாம். பழுதுபார்ப்பது மெக்கானிக்கின் வேலை. பழுது எங்கே என்று முன்னதாக அறிவது முதல் போட்டவரின் வேலை.

வண்டிக்கு ஒரு சிட்டை

முதலில் வேண்டியது ஸ்பேனர் அல்ல; 40 பக்க நோட்டு ஒன்று. தேதி, கிலோமீட்டர், போட்ட டீசல், ஊற்றிய என்ஜின் ஆயில், ஊற்றிய தண்ணீர், செய்த வேலை, கொடுத்த தொகை என்று ஏழு கட்டம் போதும். பழைய வண்டிகளில் கிலோமீட்டர் மீட்டரே ஓடாமல் இருக்கும். அப்படியானால் அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். மீட்டர் இல்லாத வண்டி, தராசு இல்லாத கடை.

டீசலை டேங்க் நிறையப் போட்டு, அடுத்த முறையும் நிறையப் போட்டு, இடையில் ஓடிய கிலோமீட்டரை இரண்டாம் முறை போட்ட லிட்டரால் வகுத்தால் உண்மையான மைலேஜ் கிடைக்கும். மாதம் 1,200 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 14 கொடுத்தால் சுமார் 86 லிட்டர் செலவாகும். அதே வண்டி 11 கொடுத்தால் 109 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் மாதம் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் புகையாகப் போகிறது. அடைத்த ஏர் பில்டர், காற்றுக் குறைந்த டயர், பிடித்துக்கொண்டு நிற்கும் பிரேக், வழுக்கும் கிளட்ச் ஆகிய நான்குமே முதலில் தெரிவது இந்தக் கணக்கில்தான்.

என்ஜின் ஆயிலும் அப்படியே. அதிக தூரம் ஓடிய என்ஜின் கொஞ்சம் ஆயில் குடிக்கும். அளவு ஒரே சீராக இருந்தால் பயம் வேண்டாம். 1,000 கிலோமீட்டருக்குக் கால் லிட்டர் என்று இருந்தது அரை லிட்டராகி, பிறகு முக்கால் லிட்டரானால் அது செய்தி. தண்ணீர், அதாவது கூலண்ட், மூடிய சுற்றில் ஓடுவது. அது அடிக்கடி குறைவதற்கு நியாயமே இல்லை. குறைந்தால் எங்கோ வெளியே ஒழுகுகிறது, அல்லது என்ஜினுக்குள்ளேயே போகிறது.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் எப்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று ஆகியவை முடியும் தேதிகளை எழுதி வையுங்கள்.

காலையில் பத்து நிமிடம்

இரவில் வண்டியை நிறுத்தியதும், பிரித்த பிஸ்கட் அட்டைப்பெட்டி ஒன்றை என்ஜினுக்கு அடியில் விரித்து வையுங்கள். நம் கடையில் அதற்குப் பஞ்சமில்லை. காலையில் அதில் விழுந்திருக்கும் சொட்டுகளைப் பாருங்கள்.

கறுப்பு அல்லது பழுப்பாக இருந்தால் என்ஜின் ஆயில். கெட்டியாக, கந்தக நாற்றம் அடித்தால் கியர் ஆயில் அல்லது பின் அச்சின் ஆயில். பச்சை, சிவப்பு, இளஞ்சிவப்பு என்று சாயம் கலந்த தண்ணீராக இருந்தால் கூலண்ட். டீசலை அதன் வாசனையே காட்டிக்கொடுக்கும். சக்கரத்தின் உட்புறமோ, பிரேக் பெடலுக்கு நேர் கீழோ தெளிந்த வழுவழுப்பான ஈரம் கண்டால் அது பிரேக் ஆயிலாக இருக்கலாம். அப்படியானால் அன்றைக்கு லோடு எவ்வளவு அவசரமானாலும் வண்டி வாசலைத் தாண்டக் கூடாது.

பிறகு, வண்டி சமதரையில் இருக்க, ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆயில் கம்பியை உருவித் துடைத்து, மீண்டும் நுழைத்து எடுத்துப் பாருங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவில் ஆயில் இருக்க வேண்டும். டீசல் என்ஜினில் ஆயில் மாற்றிய சில நாட்களிலேயே கறுத்துவிடும். கறுப்பு ஒரு குற்றம் அல்ல. ஆனால் பால் விட்ட காப்பியைப் போல வெளுத்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள்.

அடுத்து கூலண்ட் பாட்டில், பிரேக் ஆயில் கிண்ணம், பேன் பெல்ட். என்ஜின் நின்றிருக்கும்போது பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் அமுங்கலாம். அதற்கு மேல் தொங்கினாலோ, உட்புறத்தில் வெடிப்பு இருந்தாலோ மாற்ற வேண்டும். கடைசியாகக் கடைப் பையன் ஒருவரைப் பின்னால் நிறுத்திப் பிரேக் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம்.

புகையின் நிறம்

கரும்புகை வந்தால் உள்ளே போகும் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை. முதலில் பார்க்க வேண்டியது ஏர் பில்டர். அடுத்தது லோடு அதிகமா என்பது. நாசிலும் பம்ப்பும் அதற்குப் பிறகுதான்.

நீலப்புகை வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங், வால்வு சீல், டர்போ இருந்தால் அதன் சீல் ஆகியவற்றில் ஏதோ ஒன்று தேய்ந்திருக்கும்.

வெள்ளைப்புகை காலையில் மட்டும் வந்து, என்ஜின் சூடானதும் நின்றுவிட்டால் அது எரியாத டீசல். ஹீட்டர் பிளக் அல்லது நாசில் பார்க்க வேண்டியிருக்கும். என்ஜின் சூடான பிறகும் வெள்ளையாக வந்துகொண்டே இருந்து, கூலண்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கட் மீது சந்தேகம் கொள்ளுங்கள்.

என்ஜினின் தேய்மானத்தை அறிய இன்னொரு எளிய வழி உண்டு. என்ஜின் சூடாகி, மெதுவாக ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கவனமாகத் திறந்து பாருங்கள். லேசான ஆவி வருவது இயல்பு. இட்லிச் சட்டியிலிருந்து வருவதுபோல் குப்குப்பென்று புகை தள்ளினால், எரியும் வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே வருகிறது என்று பொருள். ரிங்கும் போரும் தேய்ந்துவிட்டன. பழைய வண்டி வாங்கப் போகும்போதும் இந்தச் சோதனையை மறக்க வேண்டாம்.

சூடு ஏறினால்

முள் வழக்கமான இடத்தைத் தாண்டிய உடனே ஓரமாக நிறுத்தி என்ஜினை அணையுங்கள். குறைந்தது அரை மணி நேரம் காத்திருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டிய சூட்டில் இருக்கும். மூடி தளர்ந்ததும் ஆவியாகச் சீறி முகத்தில் அடிக்கும். கொதிக்கும் என்ஜின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கும் அபாயமும் உண்டு.

ஆறிய பிறகு வரிசையாகப் பாருங்கள்: கூலண்ட் அளவு, ஓஸ் பைப்புகளும் கிளிப்புகளும், பேன் பெல்ட், பேன் சுற்றுகிறதா என்பது, ரேடியேட்டரின் முன்புறத் தகடுகளில் அடைப்பு, ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வாஷர், தெர்மோஸ்டாட், தண்ணீர் பம்ப். அரிசி ஆலைகளுக்குப் போய்வரும் வண்டிகளின் ரேடியேட்டரில் உமித் தூசி அப்பிக்கொள்ளும். உட்புறமிருந்து வெளியே தள்ளும்படி தண்ணீரை மெதுவாகப் பீய்ச்சிக் கழுவினால் போதும். வேகமாக அடித்தால் தகடு மடங்கிவிடும்.

போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுவது நம்மில் பலருக்குப் பழக்கம். சமையல் பாத்திரத்தின் அடியில் படியும் அதே வெள்ளை உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிகிறது. கூலண்டையும் டிஸ்டில்ட் வாட்டரையும் சரிபாதி கலந்து ஊற்றுவது பொதுவான முறை. கலந்தே விற்கும் கூலண்டில் தண்ணீர் சேர்க்க வேண்டாம். சூடு ஏறுகிறது என்று சில பட்டறைகளில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிடுவார்கள். அது நோயை மறைக்கும், தீர்க்காது. என்ஜின் உரிய சூட்டுக்கு வராமல் டீசலும் கூடுதலாகப் போகும்.

காலையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால்

சாவியைத் திருப்பியதும் என்ன சத்தம் வருகிறது என்பதில் பாதி விடை இருக்கிறது. சத்தமே இல்லாமல் விளக்கும் மங்கினால் பேட்டரி அல்லது அதன் டெர்மினல். “டக்” என்று ஒரே ஒரு சத்தம் மட்டும் வந்தால் டெர்மினல், பேட்டரி, செல்ப் மோட்டார் ஆகியவற்றை இதே வரிசையில் பாருங்கள். என்ஜின் நன்றாகச் சுற்றியும் பற்றவில்லை என்றால் டீசல் வந்து சேரவில்லை: டேங்க் காலி, பில்டர் அடைப்பு, ஏர் லாக். குளிர்ந்த காலையில் மட்டும் தகராறு செய்து, சூடான பிறகு உடனே பிடித்தால் ஹீட்டர் பிளக்கைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. இரவு முழுதும் ஓய்ந்திருந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12க்குக் கீழே போனால் காலி என்றே கொள்ளலாம். என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். அப்போதும் 12.5க்கு மேல் ஏறாவிட்டால் குற்றம் பேட்டரியில் இல்லை; டைனமோவில் அல்லது அதன் பெல்ட்டில். இதைப் பார்க்காமல் புதுப் பேட்டரி வாங்கிப் போட்டு, அதுவும் நான்கு நாளில் இறங்கிப் போய், பேட்டரிக் கடைக்காரரோடு சண்டை போட்டவர்கள் நம்மில் உண்டு.

டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பூச்சை நீக்க நம் கடைச் சமையல் சோடாவே போதும். முதலில் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். வெந்நீரில் சோடாவைக் கலந்து, பழைய பல் தூரிகையால் தேய்த்து, துடைத்துக் காயவிட்டு இறுக்குங்கள். மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். பேட்டரியிலிருந்து தீப்பிடிக்கும் வாயு வரும். பக்கத்தில் பீடி, சிகரெட் வேண்டாம்.

சக்கரமும் பிரேக்கும்

என்ஜின் கெட்டால் பணம் போகும். பிரேக் கெட்டால் ஆள் போகும். ஒரு டன் சரக்கோடு கடைத்தெருவில், பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் போகிற வண்டி அது. ஆகவே மற்றதில் எப்படி இருந்தாலும் இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

என்ஜின் ஓடும்போது பெடலை நன்றாக அழுத்தி அரை நிமிடம் பிடியுங்கள். மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ ஆயில் ஒழுகுகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் உள்ளே கசிகிறது. பஞ்சு போல அமுங்கினால் லைனில் காற்று. பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தால் எதிர்ப்பக்கச் சக்கரம் சரியாகப் பிடிக்கவில்லை. பின் அச்சின் சீல் ஒழுகிப் பிரேக் ஷூ ஆயிலில் ஊறியிருந்தாலும் அந்தச் சக்கரம் பிடிக்காது.

அடுத்து, என்ஜினை அணைத்துப் பெடலை நான்கைந்து முறை அழுத்திவிட்டு, அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். வாக்குவம் பூஸ்டர் உள்ள வண்டியில் பெடல் லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டருக்கு வாக்குவம் கிடைக்கவில்லை. டீசலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் என்ஜினை அணைத்துவிட்டு ஓட்டும் டிரைவர்கள் இருக்கிறார்கள். அப்படி அணைத்ததும் இந்த உதவி போய்விடுகிறது. இரண்டு மூன்று அழுத்தலுக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். இதைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணம் உடையது, திறந்து வைத்த உப்பைப் போல. ஈரம் ஏறிய ஆயில் நீண்ட இறக்கத்தில் கொதித்து ஆவியாகி, பெடல் வெறுமையாகிவிடும். எனவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றச் சொல்லுங்கள். மூடியில் டாட் 3, டாட் 4 என்று எது எழுதியிருக்கிறதோ அதையே, சீல் உடைக்காத டப்பாவிலிருந்து ஊற்ற வேண்டும்.

டயரின் தேய்மானமும் பேசும். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட். குழி குழியாகத் தேய்ந்தால் ஷாக் அப்சார்பர் அல்லது பேரிங். பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போன டயரில் ஓட்டுவது சட்டப்படியும் குற்றம். ஸ்டெப்னியிலும் மாதம் ஒருமுறை காற்றுப் பாருங்கள்.

கிளட்ச் வழுக்குகிறதா என்று அறிய, லோடோடு மேட்டில் ஏறும்போது கவனியுங்கள். என்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் பிளேட் தேய்ந்துவிட்டது. புறப்படும்போது அடியில் “கடக்” என்று கேட்டால் நீண்ட ஷாப்டின் கிராஸ் தேய்ந்திருக்கலாம். பின்புறம் ஒரு பக்கம் தாழ்ந்து நின்றால் ஸ்பிரிங் பட்டை முறிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

நம் சரக்கே வண்டிக்குச் செய்யும் கேடு

இது மற்ற வண்டிக்காரர்களுக்கு இல்லாத, நமக்கு மட்டும் உரிய தொல்லை.

முதலாவது கல் உப்பு. மூட்டையிலிருந்து சிந்தும் உப்பு, தளத்தின் இடுக்கில் தங்கி ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். உப்பு ஏற்றிய நாளில் தளத்தையும் அடிப்புறச் சேஸையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். அடியில் தார்ப்பாய் விரித்து ஏற்றினால் இன்னும் நல்லது.

இரண்டாவது எலி. சிந்திய அரிசிக்கும் பருப்புக்கும் வரும் எலி, இரவில் என்ஜின் சூட்டுக்குள் ஒண்டிக்கொண்டு வயரைக் கடிக்கும். காரணம் தெரியாமல் விளக்கு எரியாதது, செல்ப் எடுக்காதது, மீட்டர் செத்துப்போவது ஆகியவற்றுக்குப் பல நேரம் இதுவே காரணம். தினம் இறக்கியதும் தளத்தையும் கேபினையும் கூட்டிவிடுங்கள். வாரம் ஒருமுறை பானட்டைத் திறந்து எலிப் புழுக்கை இருக்கிறதா என்று பாருங்கள். விஷம் வேண்டாம், நாம் ஏற்றுவது உண்ணும் பொருள்.

மூன்றாவது அதிக பாரம். 2005-இல் வந்த டாடா ஏஸ் வண்டியின் சுமைத்திறன் 750 கிலோ. அதாவது 50 கிலோ சர்க்கரை மூட்டை 15 அல்லது, டின்னின் எடையைச் சேர்க்காமலேயே, 15 கிலோ எண்ணெய் டின் 50. இதில் 25 மூட்டை ஏற்றி, “நேற்றும் போனதே” என்கிறோம். நேற்றுப் போனது வண்டியின் ஆயுளில் கழிந்து போனது. கிளட்ச், பிரேக், ஸ்பிரிங், டயர் நான்கும் ஒன்றாகத் தேய்கின்றன. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் மேலும் 2,000 ரூபாய். ஒரு நடை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு மாத லாபத்தைக் கொடுத்துவிட்டு வரலாம்.

பாரம் சரியாக இருந்தாலும் அதை அடுக்கும் முறை முக்கியம். கனமான மூட்டை எல்லாம் பின் சக்கரத்துக்கும் பின்னால் இருந்தால் வண்டியின் முன்புறம் தூக்கிக்கொண்டு ஸ்டியரிங் கேட்காது. கனத்தைக் கேபின் பக்கமாகவும் கீழேயும் வையுங்கள்.

நாம் கை வைக்கக் கூடாதவை

வெறும் ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் ஒருபோதும் நுழையாதீர்கள். ஸ்டாண்டு கொடுத்து, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்த பிறகே குனிய வேண்டும்.

பழைய என்ஜின்களில், எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அறிய, ஓடும்போதே நாசில் குழாயின் நட்டைத் தளர்த்திப் பார்ப்பார்கள். காமன் ரெயில் என்ஜின் உள்ள வண்டியில் அது உயிரோடு விளையாடுவது. அந்தக் குழாயில் டீசல் ஆயிரம் பார் அழுத்தத்துக்கும் மேலே இருக்கும். ஊசி முனைத் துளையில் பீய்ச்சினாலும் தோலைத் துளைத்து உள்ளே ஏறிவிடும்.

பிரேக் பிரிப்பது, ஸ்பிரிங் கழற்றுவது, ஸ்டியரிங் இணைப்பு ஆகியவையும் தெரிந்தவர் கைக்கே உரியவை. நாம் பார்க்கலாம், கேட்கலாம், எழுதலாம்.

மெக்கானிக்கிடம் எப்படிப் பேசுவது?

ஒருமுறை எங்கள் வண்டி கரும்புகை தள்ளி, மேட்டில் இழுக்க மறுத்தது. ஒரு பட்டறைக்குப் போய், “நாசில் போய்விட்டது போலிருக்கிறது” என்று நானே சொன்னேன். அவர்களும் நாசில் மாற்றி, பம்ப்பைப் பிரித்துச் சரிசெய்து 17,500 ரூபாய்க்குப் பில் கொடுத்தார்கள். புகை நிற்கவில்லை. பிறகு பக்கத்துக் கடை அண்ணாச்சி வந்து ஏர் பில்டரைத் திறந்தார். உமித் தூசி அடை அடையாக இருந்தது. புதுப் பில்டர் 350 ரூபாய். பட்டறை மீது எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் நோயைச் சொல்லாமல் மருந்தைச் சொன்னவன் நான்தான்.

ஆகவே மாற்ற வேண்டிய பாகத்தின் பெயரைச் சொல்லாதீர்கள். எப்போது, எந்த வேகத்தில், சூட்டிலா குளிரிலா, லோடோடா காலியாகவா, எத்தனை நாளாக என்பதைச் சொல்லுங்கள். சிட்டையைக் காட்டுங்கள். செலவில்லாமல் பார்க்கக்கூடியதை முதலிலும், விலை குறைந்ததை அடுத்தும், விலை கூடியதைக் கடைசியிலும் பார்க்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். நல்ல மெக்கானிக் இதற்கெல்லாம் கோபிக்க மாட்டார். அவர் வேலையும் சுலபமாகும்.

வைத்திருப்பதா, விற்பதா?

பன்னிரண்டு மாதச் சிட்டையைக் கூட்டுங்கள். டயர், பேட்டரி, ஆயில் மாற்றுவது எந்த வண்டிக்கும் உள்ள செலவு, அவற்றைத் தள்ளிவிடுங்கள். மீதியுள்ள பழுதுச் செலவோடு, வண்டி நின்ற நாட்களுக்குக் கொடுத்த வாடகையைச் சேர்த்துப் பன்னிரண்டால் வகுங்கள். வரும் தொகை புது வண்டியின் மாதத் தவணையைவிட வெகுவாகக் குறைவாக இருந்தால் பழையதை வைத்துக்கொள்வதே லாபம். அதை நெருங்கினால் யோசிக்க வேண்டும்.

லோடு வண்டிக்கு எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எப்.சி.; அதன்பின் ஆண்டுதோறும். 15 ஆண்டு தாண்டினால் கட்டணமும் வெகுவாக ஏறிவிடுகிறது. இதையும் கணக்கில் சேருங்கள். எப்.சி. முடிந்த வண்டியை ஓட்டி விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் தொகை கிடைப்பதிலும் சிக்கல் வரும்.

கணக்கு எப்படி இருந்தாலும், சேஸ் இரும்பு துருப்பிடித்து உளுத்திருந்தாலோ, ஸ்பிரிங் மாட்டும் இடத்தருகே விரிசல் கண்டிருந்தாலோ, அந்த வண்டியில் இனிப் பணம் போட வேண்டாம். என்ஜினை மாற்றலாம், முதுகெலும்பை மாற்ற முடியாது.

கல்லாப் பக்கம் ஒட்டி வைக்க

தினம்: அடியில் சொட்டு, என்ஜின் ஆயில், கூலண்ட், பிரேக் ஆயில் அளவு, பெடல், விளக்குகள், தளம் கூட்டுதல்.
வாரம்: நான்கு டயரிலும் காற்று (வண்டி ஓடுவதற்கு முன்), பெல்ட், பானட்டுக்குள் எலி, டீசல் பில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரை வடித்தல்.
மாதம்: மைலேஜ் கணக்கு, ஏர் பில்டர், பேட்டரி வோல்ட்டும் டெர்மினலும், ஸ்டெப்னி, ஸ்பிரிங் பட்டைகள், கிரீஸ்.
வண்டிப் புத்தகம் சொல்லும் தூரத்தில்: என்ஜின் ஆயில், ஆயில் பில்டர், டீசல் பில்டர், பெல்ட்டுகள்.
இரண்டு ஆண்டு: பிரேக் ஆயில் முழு மாற்றம். கூலண்ட் மாற்றும் காலம் அதன் டப்பாவில் இருக்கும்.

நிற்க. கடைசியாக ஒன்று சொல்ல வேண்டும். அன்று எங்கள் டிரைவர் மூன்று வாரம் ஏன் வாயைத் திறக்கவில்லை? அதற்கு முந்திய மாதம் ஒரு டயர் செலவுக்காக அவரைக் கடைப் பையன்கள் முன்னால் நான் கடிந்து பேசியிருந்தேன். மறுபடியும் செலவு என்று வந்து நிற்க அவருக்கு மனம் வரவில்லை. ஆக, அந்த 38,000 ரூபாயில் ஓஸ் பைப்பின் பங்கைவிட என் பங்கு அதிகம்.

இப்போது எங்கள் கடையில் வழக்கம் வேறு. வண்டியில் ஒரு குறையைக் கண்டு அன்றைக்கே வந்து சொல்லும் டிரைவருக்கு முதலில் ஒரு டீ. அதன் பிறகே செலவைப் பற்றிப் பேச்சு. அதே டிரைவர்தான் இன்றும் ஓட்டுகிறார். சிட்டையில் எழுதுவதும் அவர்தான்.